நான்காம் பத்தி

தலையணைக்கு அடியில் கையை விட்டுச் சாவியைத் தேடியபோது அப்பாவின் காது அவள் மணிக்கட்டில் பட்டது. இன்னும் சூடு ஆறவில்லை. அவர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. முதலில் சாவி, அப்புறம் அழுகை என்று மனசு தானாக வரிசை போட்டுவிட்டது. அதை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

சாவி தலையணை உறையின் உட்புறம் ஊக்கால் குத்தி வைக்கப்பட்டிருந்தது. மூன்று மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் இதை எப்போது செய்தார் என்று தெரியவில்லை. யாரையும் லேசில் நம்பாத மனுஷர். சொத்து எப்படிப் பிரியுமோ, அந்தக் குணம் மட்டும் முழுசாக அவளுக்குத்தான் வந்திருந்தது.

அலமாரியைத் திறந்து சட்டைகளுக்கு அடியிலிருந்து கோர்ட் கேஸ் காகிதக் கட்டை உருவினாள். வீட்டுக்குள் எங்கே ஒளித்தாலும் தம்பி மோப்பம் பிடித்துவிடுவான். முன் அறைக்கு வந்தாள். அதுதான் அவளுடைய ஜெராக்ஸ் கடை. மெஷினின் அடியில் பேப்பர் வைக்கும் தட்டை இழுத்து, வெள்ளைத் தாள்களை எடுத்துவிட்டு, கட்டை உள்ளே வைத்து மூடினாள். மேலே ஒரு போர்வையைப் போட்டாள். அதற்கப்புறம்தான் தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், அப்பா போயிட்டாருடா."

தம்பி அழுதான். சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே அழுதான். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, அலமாரி சாவி உங்கிட்டதான இருக்கு?" என்று கேட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. "எங்கிட்ட இல்லையே," என்றாள்.

அதன் பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. நல்லவேளையாக வந்தது.

வீடும் அதற்குப் பின்னால் இருக்கும் காலி மனையும் தாத்தா சம்பாதித்தவை. இரண்டும் ஒரே பத்திரத்தில் அடங்கியவை. பதினான்கு வருஷத்துக்கு முன் பக்கத்து டைல்ஸ் கடைக்காரர் வேறொரு பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தாத்தா எல்லாவற்றையும் தன் தகப்பனாருக்கு விற்றுவிட்டார் என்று சொல்லிப் பின்மனையில் அஸ்திவாரம் தோண்டினார். அப்பா கோர்ட்டுக்குப் போனார். எப்போதும் இடுப்பில் அளவுநாடாவைச் செருகிக்கொண்டு திரிகிற ஆள் என்பதால் கடைக்காரருக்கு வீட்டில் அளவுநாடா என்றே பெயர். பதினான்கு வருஷமாக அப்பா அவரை வேறு பெயரில் சொன்னதில்லை.

கோர்ட்டுக்குப் போகும் காகிதம் எல்லாவற்றையும் நான்கு நான்கு பிரதியாக எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். வழக்கு மனுவின் நான்காம் பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். 'வாதியின் ஒரே தங்கை திருமணமாகாமலும் சந்ததியின்றியும் காலமாகிவிட்டபடியால் வாதி ஒருவரே இச்சொத்துக்கு உரியவர்.' அத்தை செத்துப்போன சேதியையே அவள் அந்தப் பத்தியில்தான் முதன்முதலாகப் படித்தாள். எட்டு வயதில் பார்த்த அத்தை. "எப்பப்பா?" என்று கேட்டதற்கு, "பக்கத்த மாத்தி அடுக்கிடாத," என்றார் அப்பா. அன்றைக்கு விழுந்த சந்தேகம். அப்புறம் அவள் கேட்கவுமில்லை, சந்தேகம் போகவுமில்லை.

எதிர்த்தரப்பு அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டது. தங்கை உயிரோடு இருக்கிறாள், பாதிச் சொத்துக்கு உரியவள், அவளையும் ஒரு தரப்பாகச் சேர்க்காத வழக்கு நிற்காது என்று பதில் போட்டார்கள். எங்கே இருக்கிறாள் என்றுதான் அவர்களால் காட்ட முடியவில்லை. அளவுநாடா ஆள் வைத்துத் தேடினார், பேப்பரில் விளம்பரம் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கூண்டில் ஏறித் தங்கை இறந்துவிட்டாள் என்று சத்தியம் செய்தார்.

அப்பா நாற்காலித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மரம் தரம் பார்த்தவர். எந்த மரத்தைக் கண்டாலும் நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். தாத்தா தச்சர், அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். சாட்சிக் கூண்டின் கைப்பிடியையும் அன்றைக்குத் தட்டினார். நீதிபதி முறைத்தார். வெளியே வந்ததும், "உளுத்துப்போன கட்டைம்மா. அதுல நின்னுக்கிட்டு என்னத்த உண்மை பேசுறது," என்று மகளிடம் சொன்னார். அப்போது அவள் சிரித்தாள்.

இருபது நிமிஷத்தில் வரக்கூடிய தம்பி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தான். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே இருந்தான் என்று அவள் கேட்கவில்லை, குறித்து மட்டும் வைத்துக்கொண்டாள். வந்தவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். பிறகு எழுந்து நேராக அலமாரியிடம் போய்க் கதவை இழுத்துப் பார்த்தான்.

"என்னடா தேடுற?"

"நல்ல சட்டை ஒண்ணு எடுக்கலாம்னு."

"சட்டை வெளிய எடுத்து வச்சாச்சு."

தம்பி முன் அறைக்குப் போய் ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்ந்து நின்றான். கட்டு அவனுக்கு நேர் கீழே இருந்தது. அவன் ஒரு வாரத்துக்கு முன் அளவுநாடாவோடு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அப்பா மூச்சு விடத் திணறிக்கொண்டிருந்த வாரம் அது.

பத்து மணிக்குச் சவப்பெட்டி வந்தது. முன் அறையில் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு அப்பாவைப் பெட்டியில் கிடத்தினார்கள். தெரியாமல் உள்ளே வந்த ஒரு ஆள் அடையாள அட்டையை நீட்டி, "ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர் பதினொரு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பாவம், எப்படி எழுந்து போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

அளவுநாடாவும் வந்தார். இன்றைக்கு இடுப்பில் நாடா இல்லை, கையில் போன் இருந்தது. பெட்டியின் முன்னால் தலை குனிந்து நின்றுவிட்டு அவளிடம் வந்தார்.

"பெரியவர் தங்கமான மனுஷர். எங்களுக்குள்ள இருந்தது கோர்ட்டோட சரி."

அவள் தலையை ஆட்டினாள்.

"சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சாம்மா? தூரத்துலேருந்து யாராச்சும் வரணுமா?"

"எல்லாரும் வந்தாச்சு."

"இல்ல, இந்த மாதிரி நேரத்துலதான் விட்டுப்போனவங்கல்லாம் வருவாங்க," என்று சொல்லிவிட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துக்கத்துக்கு வந்தவர் மாதிரி அந்த ஆள் உட்காரவில்லை, டிக்கெட் பரிசோதகர் மாதிரி உட்கார்ந்திருந்தார். உள்ளே வரும் ஒவ்வொரு வயதான பெண்ணையும் ஏற இறங்கப் பார்த்தார். தம்பி அவருக்கு எதிரில் போய் நின்று பேச ஆரம்பித்தான். பேச்சு நீண்டது. ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவின் பெட்டி இருக்கும் இடத்திலிருந்து பத்தடிகூட இராது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வக்கீல் குமாஸ்தா வந்தபோது மணி பன்னிரண்டு. வழக்கு மனுவை முதன்முதலில் டைப் அடித்தவரே அவர்தான். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. பெட்டியின் முன் நின்றார், கண்ணைத் துடைத்தார், அதே கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார்.

"தப்பா நினைக்காதம்மா. அடுத்த மாசம் வாதம். வாதி இறந்துட்டா தொண்ணூறு நாளுக்குள்ள வாரிசுகளச் சேக்கணும். விட்டுட்டா கேஸும் கூடவே போயிடும். உங்க ரெண்டு பேரு பேர எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போதும்."

"இன்னைக்கேவா சார்?"

"உன் தம்பி இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் பிடிக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற யாரும் இல்லையேம்மா?" என்றார்.

கேள்வி சாதாரணமானதுதான். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் வாசலைப் பார்த்ததுதான் சாதாரணமாக இல்லை. அவளும் வாசலைப் பார்த்தாள்.

எதிர்ச் சாரியில், பூட்டியிருந்த மருந்துக்கடை முன்னால், ஒரு பெண்மணி குடை பிடித்துக்கொண்டு நின்றாள். மழை இல்லை, வெயிலும் இல்லை. எட்டரை மணிக்கே அந்தப் பெண்மணியை அங்கே பார்த்த ஞாபகம் இருந்தது. குடைக்காரி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது தெருவில் வந்தால் குடை முகத்துக்கு இறங்கியது.

வாசலில் ஒருத்தர் போதாதென்று எதிரிலும் ஆள் போட்டிருக்கிறார் அளவுநாடா என்று அவள் நினைத்தாள். சாவு வீட்டுக்குக் காவல் போடுகிறவனை என்ன செய்தால் தகும்? கையெழுத்துக் காகிதத்தைக் குமாஸ்தாவின் கையிலேயே விட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தாள்.

"யாரும்மா நீங்க? காலையிலேருந்து இங்கயே நிக்கிறீங்க."

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"இந்தத் தெருவுல பஸ் வராது."

"தெரியும்," என்றாள் குடைக்காரி.

குரலில் அதிகாரமும் இல்லை, பயமும் இல்லை. கால் வலித்திருக்க வேண்டும். கடை முன்னால் கிடந்த மர பெஞ்சில் உட்காரப் போனவள், உட்காருவதற்கு முன் நடுவிரல் முட்டியால் பலகையை இரண்டு தட்டுத் தட்டி, தலையை லேசாகச் சாய்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

அவள் குனிந்து குடைக்குள் பார்த்தாள்.

"அத்தையா?"

குடை கீழே இறங்கியது. "மெதுவாப் பேசும்மா. கேட்டுக்குப் பக்கத்துல அந்த ஆளு உக்காந்திருக்கான்."

"நீங்க... நீங்க செத்துட்டதா..."

"ஆமா. நாலாவது பத்தியில. அண்ணன் கொண்டாந்து காட்டினாரு." குடைக்குள் முகம் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "செத்ததுகூடப் பரவாயில்ல. கல்யாணமே ஆகாம செத்துட்டேன்னு எழுதியிருக்காங்க பாரு, அதுதான் எனக்குக் கோபம். அப்ப முப்பது வருஷம் அந்த மனுஷனோட குப்பை கொட்டினது யாராம்?"

அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

புருஷன் போன பிறகு பதினோரு வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கே திரும்பி வந்ததாக அத்தை சொன்னாள். ஒற்றை அறை. அதற்குள் அண்ணன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து முடித்திருந்தார். கேஸ் முடிகிற வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

"நீங்களும் சரின்னுட்டீங்களா?"

"எனக்கு யாரு இருக்கா, வீட்ட வச்சு என்ன பண்ணப்போறேன்? நீ புருஷன் வீட்டுலேருந்து வந்துட்டியாம், உனக்குன்னு ஒரு கூரை வேணும்னாரு. சரின்னேன்." அத்தை பெஞ்சின் விளிம்பைத் தடவினாள். "சனிக்கிழமை தவறாம வருவாரு. கதவ ரெண்டு தட்டு. நான் உள்ள இருந்து ரெண்டு தட்டுத் தட்டணும், அப்பத்தான் உள்ள வருவாரு. சின்னப் பிள்ளையில அப்பா பட்டறையில விளையாடுனது. எழுபது வயசுலயும் விடல. மூணு மாசமாத் தட்டல."

சனிக்கிழமைகள். 'வக்கீலப் பாத்துட்டு வர்றேன்' என்று துணிப்பையோடு கிளம்பும் அப்பா. வக்கீல் ஆபீஸ் சனிக்கிழமை திறப்பதில்லை என்று அவளுக்கு எப்போதோ தெரியும். அப்பாவையே அவள் என்னென்னவோ நினைத்திருந்தாள். பையில் போனது மாத்திரையும் ரொட்டியும்.

"படுத்ததுக்கப்புறம் மருந்து யாரு குடுத்தா?"

"உன் தம்பிதான். இன்னைக்குக் காலையிலயும் அவன்தான் நேர்ல வந்து சொன்னான். வராதீங்கன்னான். மனசு கேக்கல." அத்தை வீட்டைப் பார்த்தாள். "இங்கயிருந்து பெட்டியோட ஒரு ஓரம் தெரியுது. வண்டி கிளம்பினதும் போயிடுறேன். நீ போம்மா, அந்த ஆளு பாக்குறான்."

அவள் திரும்பி வந்தாள். அளவுநாடா கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்த நொடியில் தம்பி அவருக்கு முன்னால் நகர்ந்து நின்று, டைல்ஸில் எந்த ரகம் வழுக்காது என்று கேட்டான். காலையிலிருந்து அவன் அந்த இடத்தில்தான் நிற்கிறான், தெருவை மறைத்துக்கொண்டு. அவள் தம்பியின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"அப்பாதான் வேணாம்னாரு. நாளைக்கு அக்காவக் கூண்டுல ஏத்துனா தெரியாதத தெரியாதுன்னு சொல்லட்டும், தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்ற கஷ்டம் எனக்கு மட்டும் போதும்னாரு."

"அலமாரி?"

"அத்தையோட மருந்துச் சீட்டெல்லாம் அதுலதான் இருக்கு. யாரு கண்ணுலயாவது பட்டுட்டா? டீக்கடையில அந்த ஆளு எங்கிட்டயே வந்து, உங்க அத்தையக் காட்டினா பின்மனையில பாதி தர்றேங்குறான்."

"நீ என்ன சொன்ன?"

"செத்தவங்கள எங்கேருந்து காட்டுறதுன்னேன்."

அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையிலிருந்து மனசுக்குள் அவனுக்குச் சூட்டிய பெயர்களை எல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. இடுப்பில் ஊக்கோடு செருகியிருந்த சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

குமாஸ்தா இன்னும் காகிதத்தோடு மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார், விட்டுப்போன ஒருத்தர் இப்ப வந்து நின்னா என்ன ஆகும்?"

அவர் கேள்விக்காகக் காத்திருந்தவர் போல உடனே பதில் சொன்னார். "மொத நாளே வந்திருந்தா ஒண்ணுமே இல்லம்மா. ஒரு மனு. கையெழுத்துப் போட்டா வாதி, போடலைன்னா பிரதிவாதியாக் காட்டிட்டுப் போயிருக்கலாம். அப்ப அவங்க விலாசம் தெரியல. விலாசம் தேடி, நோட்டீஸ் அனுப்பி, பேப்பர்ல போட்டு... ஒரு வருஷம் ஓடிடும். அந்த ஆளு அஸ்திவாரம் தோண்டிக்கிட்டிருக்கான். தடை உத்தரவு உடனே வேணும். பத்து வருஷமா கடுதாசி இல்லையே, இருக்காங்களோ இல்லையோன்னு உங்கப்பா இழுத்தாரு." குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "அந்தப் பத்திய அடிச்சது நான்தான். கல்யாணம் ஆகாமன்னு சேத்ததும் நான்தான். புருஷன், பிள்ளைன்னு கேள்வி வராதுல்ல."

"அவங்க திரும்பி வந்தப்ப திருத்தியிருக்கலாமே?"

"உங்கப்பா ஓடி வந்தாரு, திருத்துங்கன்னு. சத்தியம் பண்ணினத மாத்தினா எதிராளி நம்மள முழுங்கிடுவான்னு எங்க வக்கீல் சொல்லிட்டாரு. இப்பவும் அதேதான். வாதி பொய் சொல்லித்தான் கேஸே போட்டாருன்னு ஆயிடும். தடை போயிடும். மறுபடி மொதல்லேருந்து. இந்த அறை, இந்த மெஷின், எதுவும் உன்னுதுன்னு நான் உறுதி சொல்ல முடியாது." பிறகு மெதுவாக, "மூணு மணிக்கு வண்டி கிளம்பிடும்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டா போதும்," என்றார்.

மணி இரண்டே முக்கால். வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது. பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து பதினாறு வருஷமாக அவள் படுத்து எழுந்த வீடு. இந்தத் தெருவே அவளை ஜெராக்ஸ்காரி என்று கூப்பிட வைத்த முன் அறை. இதை விட்டால் அவளுக்குப் போக இடமில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. எதிர்ச் சாரியில் குடை சற்று உயர்ந்தது. பெட்டியின் மூடி வருவதை அத்தை பார்த்திருப்பாள். ஒரு ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மூடியோடு நின்றவர்களிடம். "இன்னும் ஒருத்தர் பாக்கணும்."

தெருவைக் கடந்து போய்க் குடையை வாங்கி மடக்கினாள்.

"வாங்க அத்தை."

"வேணாம்மா. கேஸு?"

"வாங்க."

முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அத்தைக்கு நடை தள்ளாடியது. கேட்டருகே அளவுநாடா எழுந்து நின்றுவிட்டார்.

"யாரும்மா இவங்க?"

அவள் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்கப்பாவோட தங்கச்சி."

குமாஸ்தா காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அளவுநாடா போனை உயர்த்திப் படமெடுக்கத் தொடங்கினார். அவருக்கு எதிரில் நின்றிருந்த தம்பி அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஓரடி தள்ளி நின்று வழி விட்டான்.

அத்தை பெட்டியின் அருகில் போனாள். அண்ணனின் முகத்தைத் தொடவில்லை. பெட்டியின் பக்கப் பலகையில் நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

மூடியைத் தூக்கி வைத்திருந்தவர்களுக்குக் கை வலித்திருக்கும். அவர்களும் நின்றார்கள்.